ஹார்ன் முனையிலிருந்து பின்னோக்கி

2024 அக்டோபர் 2. நாடு காந்தி ஜெயந்தி விடுமுறையில் இருந்த அன்று, கோவாவின் ஐ.என்.எஸ். மாண்டவி தளத்திலிருந்து 56 அடி நீளப் பாய்மரப் படகு ஒன்று உலகத்தைச் சுற்றிவரக் கிளம்பியது. படகின் பெயர் தாரிணி. உள்ளே இரண்டே பேர். ஒருவர் கோழிக்கோட்டைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் தில்னா. இன்னொருவர் புதுச்சேரியைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் ரூபா அழகிரிசாமி. இருவரும் இந்தியக் கடற்படை அதிகாரிகள். கடற்படைத் தளபதியே வந்து கொடியசைத்தார். வாழ்த்துகள், பூங்கொத்து, குடும்பத்தாரின் கண்ணீர் எல்லாம் முறைப்படி நடந்தன. யாரும் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று உண்டு: ஏன் அக்டோபர்?

பஞ்சாங்கம் பார்த்துக் குறித்த நாள் இல்லை. மகாத்மாவின் பிறந்தநாள் பொருத்தமாக வந்து அமைந்தது, அவ்வளவுதான். அக்டோபர் தொடக்கம் என்பதை முடிவுசெய்தது, கோவாவிலிருந்து பாதி உலகம் தள்ளி, தென் அமெரிக்காவின் கடைக்கோடியில் நிற்கும் ஒரு பாறை.

ஹார்ன் முனை சிலி நாட்டுக்குச் சொந்தமான ஒரு சிறு தீவின் தெற்கு நுனி. தெற்கே 56ஆவது அட்சரேகையில் இருக்கிறது. அங்கிருந்து அண்டார்டிக் தீபகற்பத்தை ஒட்டிய தீவுகள் வரை ஏறக்குறைய 800 கிலோமீட்டர். நடுவில் டிரேக் கடல்வழி. உலக உருண்டையின் அடிப்பகுதியை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். நாற்பதாவது அட்சரேகைக்குத் தெற்கே, தென் அமெரிக்காவின் வால் நுனியை விட்டால், மேற்குக் காற்றை மறிக்க நிலம் என்று சொல்லிக்கொள்ளும்படி எதுவும் கிடையாது. காற்றும் அலையும் தடையின்றி ஓடி வருகின்றன. அப்படி ஓடி வருவதெல்லாம் இந்த ஒரு வாசலில் வந்து நெருக்குகிறது. போதாக்குறைக்கு முனைக்கு அருகே கடலடி சட்டென்று மேடேறுகிறது. ஆழக்கடலில் நீளமாகப் படுத்து வந்த அலை இங்கே செங்குத்தாக எழுந்து உடைகிறது. குளிர்காலத்தில் இதோடு ஆலங்கட்டியும் பனிப்பொழிவும் ஏழெட்டு மணி நேரமே நீடிக்கும் பகலும் சேர்ந்துகொள்ளும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை அங்கே கோடை. காற்று அப்போதும் சாந்தமாகிவிடாது. ஆனால் கொஞ்சம் இரக்கம் காட்டும். டிசம்பரில் பகல் 17 மணி நேரம் வரை நீளும்.

ஆக, திட்டம் போடுகிறவர் முதலில் நாட்காட்டியில் ஹார்ன் முனையை ஒட்டுகிறார். பிறகு பின்னோக்கி எண்ணுகிறார். பிப்ரவரி நடுவில் முனையைத் தாண்ட வேண்டும் என்றால் நியூசிலாந்தின் லிட்டில்டன் துறைமுகத்தை ஜனவரி முதல் வாரத்தில் விட வேண்டும். அங்கே பழுதுபார்க்க இரண்டு வாரமாவது வேண்டும். அப்படியானால் டிசம்பர் மூன்றாம் வாரத்தில் அங்கே போய்ச் சேர வேண்டும். ஆஸ்திரேலியாவின் ஃபிரிமேண்டிலிலிருந்து அங்கே வர நான்கு வாரம். ஃபிரிமேண்டிலில் மறுபடி இரண்டு வாரம். கோவாவிலிருந்து ஃபிரிமேண்டில் வர ஐந்தரை வாரம். கணக்கு அக்டோபரில் வந்து நிற்கிறது. தாரிணி நவம்பர் 9இல் ஃபிரிமேண்டிலையும் டிசம்பர் 22இல் லிட்டில்டனையும் தொட்டது. ஜனவரி 4இல் அங்கிருந்து கிளம்பி, பிப்ரவரி நடுவில் ஹார்ன் முனையைச் சுற்றியது.

இதே படகு 2017இல் ஆறு பெண் அதிகாரிகளுடன் முதல்முறை உலகைச் சுற்றியபோது செப்டம்பர் 10இல் கிளம்பி, 2018 ஜனவரி 19இல் முனையைத் தாண்டியது. ஆட்கள் வேறு, ஆண்டு வேறு. நாட்காட்டியில் முனை விழுந்த இடம் மட்டும் அதே கோடை.

பாய்மரத்தில் கடல் கடப்பது பற்றி நம்மிடம் ஒரு கற்பனை இருக்கிறது: காற்று அழைத்துப் போகும் இடத்துக்குப் போவது, தளை அறுத்த சுதந்திரம், இத்யாதி. உண்மையில் இதைவிடக் கறாராகத் தேதிக்குக் கட்டுப்பட்ட பயணம் வேறில்லை. விமானத்தைத் தவறவிட்டால் அடுத்த விமானம் உண்டு. பருவத்தைத் தவறவிட்டால் அடுத்த ஆண்டுதான்.

காற்றைப் படம் போட்டவர்

எந்த மாதம் எந்தக் கடலில் எந்தப் பக்கம் காற்று என்பதை எப்படித் தெரிந்துகொள்கிறார்கள்? வானிலை முன்னறிவிப்பு ஒரு வாரத்துக்கு நம்பலாம். அதற்கு மேல் நீட்டினால் ஜோசியம். ஆறு வாரப் பயணத்துக்கு அது போதாது. திட்டத்துக்குக் கைகொடுப்பது இன்னொரு சரக்கு: ‘பைலட் சார்ட்’ என்ற வரைபடம்.

இதன் மூலவர் மேத்யூ ஃபான்டெய்ன் மோரி என்ற அமெரிக்கக் கடற்படை அதிகாரி. 1839இல் குதிரை வண்டி கவிழ்ந்து கால் முறிந்ததால் கப்பலில் ஏற முடியாமல் போனவர். அவரை வரைபடங்களும் கருவிகளும் வைத்திருந்த கிடங்கில் உட்கார வைத்தார்கள். அங்கே தூசி படிந்து கிடந்தன பழைய கப்பல்களின் நாட்குறிப்புகள். இன்ன தேதி, இன்ன இடம், இன்ன திசைக் காற்று, இன்ன நீரோட்டம் என்று கேப்டன்கள் எழுதிவைத்த பல்லாயிரம் வரிகள். அதையெல்லாம் பிரித்து, கூட்டி, கடலைக் கட்டம் கட்டமாகப் போட்டு, 1847இல் வட அட்லாண்டிக்கின் காற்று, நீரோட்ட வரைபடத்தை வெளியிட்டார்.

இன்றைய பைலட் சார்ட்டும் அந்த வம்சம்தான். ஒவ்வொரு பெருங்கடலுக்கும் மாதத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு தாள். தாள் முழுக்கக் கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு சின்ன வட்டம், அதைச் சுற்றி எட்டுத் திசையிலும் அம்புகள். அம்பு நீளமாக இருந்தால் அந்தத் திசைக் காற்று அடிக்கடி வீசும் என்று பொருள். அம்பின் வாலில் உள்ள சிறகுகளை எண்ணினால் காற்றின் பலம் தெரியும். வட்டத்தின் நடுவே உள்ள எண், நூற்றுக்கு எத்தனை பங்கு காற்றே இல்லாமல் கிடக்கும் என்பதைச் சொல்லும். பாய்மரக்காரர்கள் பெரிதும் பயப்படும் எண்களில் அதுவும் ஒன்று. புயலில் செய்ய ஏதாவது வேலை இருக்கும். காற்றில்லாத கடலில் பாய் தொளதொளவென்று அடித்துக்கொண்டு கிழிவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

கோவாவிலிருந்து தெற்கே இறங்கும் வழியைப் பாருங்கள். செப்டம்பரோடு தென்மேற்குப் பருவக்காற்று ஓய்கிறது. வடகிழக்குக் காற்று இன்னும் நிலைகொள்ளவில்லை. நிலநடுக்கோட்டை ஒட்டி அமைதி மண்டலம்; திடீர் மழை, திடீர் சுழல்காற்று, பிறகு மணிக்கணக்கில் ஒன்றுமில்லை. அதைத் தாண்டினால் தென்கிழக்கு வாணிபக் காற்று. போக வேண்டிய ஆஸ்திரேலியாவோ அதே தென்கிழக்கில் இருக்கிறது. பாய்மரப் படகால் எதிர்க்காற்றில் நேராக ஏற முடியாது. ஆகவே காற்றை இடப்பக்கம் வாங்கிக்கொண்டு தெற்கே, தெற்கே என்று போய், வாணிபக் காற்று ஓயும் வரை இறங்கி, மேற்குக் காற்று கிடைத்ததும் கிழக்கே திரும்ப வேண்டும். வரைபடத்தில் இது தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது மாதிரி தெரியும். ஆனால் அதுதான் குறுக்குவழி. தாரிணி இந்தக் கட்டத்தில் கடந்த தூரம் சுமார் 4,900 கடல் மைல். சராசரியாக மணிக்கு ஏறக்குறைய பத்து கிலோமீட்டர், சைக்கிளில் போகிறவரின் வேகம். ஆனால் இந்த சைக்கிள் ராத்திரியும் நிற்பதில்லை.

ஏன் இந்தப் பாடு, சூயஸ் கால்வாய் இருக்கிறது, பனாமா இருக்கிறது என்று கேட்கலாம். உலகச் சுற்று என்று ஏற்றுக்கொள்ள ஒரு விதி வைத்திருக்கிறார்கள். கிளம்பிய துறைமுகத்துக்கே திரும்ப வேண்டும், எல்லாத் தீர்க்கரேகைகளையும் நிலநடுக்கோட்டையும் கடக்க வேண்டும், கால்வாய் கூடாது, இயந்திரத்தின் தயவில் ஓடக் கூடாது, குறைந்தது 21,600 கடல் மைல் ஓடியிருக்க வேண்டும். வட்டத்துக்கு 360 டிகிரி, டிகிரிக்கு 60 நிமிடம், நிமிடத்துக்கு ஒரு கடல் மைல். பெருக்கிப் பார்த்தால் அந்த எண் வந்துவிடும். தாரிணியின் இரண்டாம் சுற்று 25,000 கடல் மைலைத் தாண்டியது.

வெண்ணெய் உருகும் வரை

எல்லோருக்கும் ஹார்ன் முனை தேவையில்லை. பணி ஓய்வு பெற்ற தம்பதி, வேலையை விட்டுவிட்டு ஓராண்டு ஊர் சுற்றுகிறவர்கள் என்று சாதாரண மனிதர்கள் அதிகம் கடப்பது அட்லாண்டிக்கைத்தான். ஸ்பெயினின் கேனரித் தீவுகளில் உள்ள லாஸ் பால்மாஸிலிருந்து கரீபியனின் செயின்ட் லூசியா வரை ஏறத்தாழ 2,700 கடல் மைல், மூன்று வாரம். 1986 முதல் ஒவ்வொரு நவம்பரிலும் படகுகள் கூட்டமாகச் சேர்ந்து இப்படி அட்லாண்டிக்கைக் கடக்கின்றன. ‘வெண்ணெய் உருகும் வரை தெற்கே போ, அப்புறம் மேற்கே திரும்பு’ என்பது அந்த வழிக்காரர்களின் பழைய வாய்ப்பாடு. வெண்ணெய் உருகும் வெப்பம் வந்துவிட்டால் வடகிழக்கு வாணிபக் காற்றும் வந்துவிட்டது என்று அர்த்தம். அது முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டே அக்கரை சேர்க்கும்.

இங்கேயும் தேதிதான் எஜமான். அட்லாண்டிக்கில் சூறாவளிப் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. அது முடிவதற்கு முன் கரீபியன் போய்ச் சேரக் கூடாது. கிறிஸ்துமஸுக்கு மேல் தாமதித்தால் காற்று வலுத்து, கடல் முரடாகும். இன்ன தேதிக்கு முன் இன்ன அட்சரேகைக்குள் இருந்தால் பணம் கிடையாது என்று காப்பீட்டு நிறுவனங்களே எழுதிக் கொடுத்துவிடுகின்றன. கடலைவிடக் கறாரானவர்கள் அவர்கள்.

அட்லாண்டிக் கதையில் தமிழுக்கும் ஒரு பக்கம் உண்டு. இந்த இடத்தில் சோழர் கப்பற்படையை இழுப்பது நம் வழக்கம். அதை விட்டுவிடலாம், இது அண்மைக் காலத்துச் சங்கதி. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் 1930இல் கட்டப்பட்ட இரட்டைப் பாய்மரக் கப்பல் அன்னபூரணி. அதை வாங்கியவர் வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கர். 32 அடிப் படகில் ஏற்கெனவே உலகைச் சுற்றியவர். கப்பலுக்கு மனைவியின் பெயரைச் சூட்டி, ஃபுளோரன்ஸ் சி. ராபின்சன் ஆக்கினார். வல்வெட்டித்துறை மாலுமிகளே அதை ஓட்டிச் சென்றார்கள். சூயஸ், மத்தியதரைக் கடல், அட்லாண்டிக் எல்லாம் தாண்டி 1938 ஆகஸ்டில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் குளோஸ்டர் துறைமுகத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அடுத்த மாதம் 21ஆம் தேதி அந்தக் கரையை ஒரு பெரும் சூறாவளி புரட்டிப் போட்டது. அறுநூறு பேருக்கு மேல் மாண்டார்கள். சில வாரம் தாமதமாகியிருந்தால் அன்னபூரணியின் கதையே வேறு.

தேதி என்ற தூக்குக் கயிறு

1968இல் பிரிட்டனின் சண்டே டைம்ஸ் பத்திரிகை ஒரு போட்டி அறிவித்தது. தனியாக, எங்கும் நிற்காமல், உலகத்தைச் சுற்ற வேண்டும். ஜூன் 1க்கும் அக்டோபர் 31க்கும் இடையில் கிளம்பிவிட வேண்டும். தெற்குக் கடலைக் கோடையில் தாண்ட வேண்டும் என்பதற்காகப் போட்ட நியாயமான விதி.

ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் ஜூன் 14இல் கிளம்பினார். அவருடைய சுஹைலி, பம்பாயில் தேக்கில் கட்டிய 32 அடிப் படகு. ஜனவரி 17இல் ஹார்ன் முனை. 1969 ஏப்ரல் 22இல் ஊர். 312 நாள். போட்டியில் இறங்கிய ஒன்பது பேரில் முடித்தவர் அவர் ஒருவரே.

இன்னொருவர் டொனால்ட் குரோஹர்ஸ்ட். மின்னணுக் கருவி செய்து விற்றவர், தொழில் நொடித்துக்கொண்டிருந்தது. புதுமையான மூவுடல் படகைப் புதிதாகக் கட்ட ஏற்பாடு. முதல் போட்டவரிடம் எழுதிக் கொடுத்த ஒப்பந்தப்படி, பயணம் தோற்றால் படகைத் தானே விலைகொடுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். அதற்கு வீடே போய்விடும். படகு கட்டுவது இழுத்துக்கொண்டே போனது. கடைசி நாளான அக்டோபர் 31 மாலை, கெடு முடியச் சில மணி நேரம் இருக்கும்போது கிளம்பினார். பாதி வேலை முடியவில்லை. ஒரு குவியல் உதிரிப் பொருள் கரையிலேயே நின்றுவிட்டது. அதில் ஒன்று, உள்ளே புகும் நீரை இறைக்கும் குழாய். அதில்லாமல் தெற்குக் கடலுக்குள் போவது சாவு, திரும்பினால் திவால். அட்லாண்டிக்கிலேயே சுற்றிக்கொண்டு, உலகைச் சுற்றுவதாக வானொலியில் பொய் இருப்பிடம் சொல்லிக்கொண்டிருந்தார். 1969 ஜூலை 10 அன்று படகு ஆளில்லாமல் மிதந்தது. நாட்குறிப்புகள் கிடைத்தன, அவர் கிடைக்கவில்லை. நாக்ஸ்-ஜான்ஸ்டன் தனக்கு வந்த 5,000 பவுண்டு பரிசை அவர் மனைவிக்கே கொடுத்துவிட்டார்.

குரோஹர்ஸ்ட் கதையைப் பொய் சொன்னவனின் கதையாகவே எல்லோரும் எழுதுகிறார்கள். எனக்கு அது அந்தக் குழாயின் கதையாகத்தான் தெரிகிறது. கடல் குறித்த தேதிக்குப் படகு தயாராக இல்லை என்றால் பயணத்தைக் கைவிட வேண்டும். கரையில் இருந்த ஒப்பந்தம் அதற்கு விடவில்லை.

உடையப்போவது எது?

பெருங்கடல் படகைத் தயார் செய்கிறவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் அழகு, வேகம் பற்றி அதிகம் சொல்ல மாட்டார்கள். எது தேயும், எது உடையும், உடைந்தால் கையில் என்ன இருக்கிறது என்பதே பேச்சு.

ஒரு கயிற்றை எடுத்துக்கொள்வோம். பாயை மேலே தூக்கிப் பிடிக்கும் கயிறு பாய்மர உச்சியில் ஒரு கப்பியின் மேல் வளைந்து இறங்குகிறது. வாரக்கணக்கில் ஒரே காற்று, ஒரே பாய். கயிறு அசைவது விரற்கடை அளவுதான். ஆனால் விநாடிக்கு ஒருமுறை அதே இடத்தில் அசைகிறது. பத்து நாளில் அந்த இடம் மட்டும் நார்நாராகிவிடும். பிறகு ஒரு ராத்திரி பட்டென்று அறுந்து, பாய் மொத்தமும் தண்ணீரில். இதற்கு மருந்து காசு செலவில்லாதது: தினமும் காலையில் கயிற்றை நாலு விரல் தளர்த்தி விடுவது அல்லது இழுத்துக் கட்டுவது. தேய்மானம் புது இடத்துக்கு மாறும். கிளம்புவதற்கு முன்னால் ஒருவர் உச்சி வரை ஏறி, பாய்மரத்தைத் தாங்கும் எஃகுக் கம்பிகளின் முனைகளைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறார். கம்பியின் பல இழைகளில் ஒன்றே ஒன்று அறுந்து முள்ளாக நீட்டிக்கொண்டிருந்தாலும் கம்பியை முழுசாக மாற்றிவிடுவார்கள்.

இவ்வளவு பார்த்தும் உடையும். தாரிணியின் முதல் சுற்றில், கஷ்டமான தெற்குக் கடலெல்லாம் தாண்டி ஊர் திரும்பும் வழியில், 2018 ஏப்ரலில் சுக்கான் இயக்கும் அமைப்பு பழுதானது. திட்டத்தில் இல்லாத மொரிஷியஸின் போர்ட் லூயிக்குப் போய்ச் சரிசெய்துகொண்டுதான் மே 21இல் கோவா வந்தார்கள். ஒதுங்க ஒரு துறைமுகம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது அதிர்ஷ்டம் மட்டுமல்ல. ஒவ்வொரு கட்டத்துக்கும் ‘ஏதாவது ஆனால் எங்கே திரும்புவது’ என்று முன்கூட்டியே குறித்துவைப்பது திட்டத்தில் ஒரு பாகம். தெற்குப் பசிபிக்கில் மட்டும் அந்த இடம் காலியாகவே இருக்கும்.

தண்ணீர்க் கணக்கு எளிது போலத் தெரியும். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளுக்கு நாலு லிட்டர் என்றால் இரண்டு பேருக்கு 45 நாளைக்கு 360 லிட்டர். இப்போது உப்பு நீக்கும் கருவி இருக்கிறது. கடல்நீரை மிகுந்த அழுத்தத்தில் ஒரு மெல்லிய சவ்வு வழியாகத் தள்ளி நன்னீராக்கும். ஆனால் அதுவும் ஒரு கருவி. அதற்கு மின்சாரம் வேண்டும். மின்சாரத்துக்கு வெயில் வேண்டும். தெற்குக் கடலில் வாரக்கணக்கில் மேகம். அதனால் கருவி வேலைசெய்யாது என்று வைத்துக்கொண்டு தொட்டியை நிரப்புகிறார்கள். அதையும் ஒரே தொட்டியாக வைப்பதில்லை. தெற்குக் கடலில் அலையடித்துப் படகு சாய்ந்தபோது நாக்ஸ்-ஜான்ஸ்டனின் குடிநீர்த் தொட்டி கெட்டுப்போனது. பாயில் வடிந்த மழைநீரைப் பிடித்துக் குடித்துத்தான் மிச்ச உலகத்தைச் சுற்றினார்.

சாப்பாட்டு விஷயத்தில் முதல் கட்டளை விநோதமானது: அட்டைப் பெட்டி படகுக்குள் ஏறக் கூடாது. அட்டையின் மடிப்பில் கரப்பான் முட்டை இருக்கும். நிலநடுக்கோடு தாண்டும்போது குடும்பம் பெருகிவிடும். எல்லாவற்றையும் கரையிலேயே பிரித்துக் கொட்டி, கழுவித் துடைத்து எடுத்துப் போகிறார்கள். டப்பாவில் ஒட்டிய தாள் ஈரத்தில் ஊறி உரிந்துவிடும். அதனால் டப்பாவின் மேலேயே அழியாத மையில் எழுதிவிட வேண்டும். இல்லையென்றால் பட்டாணி என்று திறந்தால் அன்னாசி இருக்கும். முட்டை குளிர்பெட்டியில் வைக்காததாக, கழுவாததாக இருக்க வேண்டும். மேலே வாஸ்லீன் தடவி, வாரம் இரண்டு தடவை திருப்பி வைத்தால் வாரக்கணக்கில் கெடாது. முட்டைக்கோஸ் தாங்கும். தக்காளியைக் காயாக வாங்கிச் செய்தித்தாளில் ஒவ்வொன்றாகச் சுற்ற வேண்டும். வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரண்டும் சீக்கிரம் முளைத்துக் கெடும். நம் ஊர் பிரஷர் குக்கர் படகில் பெரிய ஆஸ்தி. எரிவாயு மிச்சம், படகு சாய்ந்தால் கொதிக்கும் குழம்பு மேலே கொட்டாது. பொங்க நேரமில்லாத நாளுக்கு, மைசூரு பாதுகாப்பு உணவு ஆய்வகம் ராணுவத்துக்குச் செய்யும் உப்புமா, புலாவ் மாதிரியான பொட்டலங்கள்.

சாப்பாட்டுத் திட்டத்தில் சுங்கமும் உட்கார்ந்திருக்கிறது. ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் மிஞ்சிய காய்கறி, முட்டை, தேன் எதையும் கரையேற விடாது; பறித்து அழித்துவிடும். நியூசிலாந்து அதற்கு மேல் ஒரு படி போய், படகின் அடிவயிற்றில் பாசியும் சிப்பியும் ஒட்டியிருக்கிறதா என்றும் பார்க்கும். ஆக, துறைமுகம் வரும் நாளில் காலியாகிற மாதிரி வாங்க வேண்டும். ஆனால் தாமதமானால் பட்டினி கிடக்கிற மாதிரி வாங்கக் கூடாது. வீட்டுச் சாமான் பட்டியல் போடுகிறவர்களுக்கு இந்தச் சங்கடம் புரியும்.

இரண்டு பேர், ஒரு தூக்கம்

படகைவிட முக்கியமானது உள்ளே இருக்கும் இருவர். தானியங்கிச் சுக்கான் படகை ஓட்டிவிடும். ஆனால் யாராவது ஒருவர் விழித்திருந்து கப்பல் வருகிறதா, காற்று மாறுகிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டு பேர் என்றால் ஒருவர் தூங்கும்போது இன்னொருவர் விழித்திருப்பார். அதாவது எட்டு மாதமும் முறை வைத்துத் துண்டு துண்டான தூக்கம். பாயைச் சுருக்க இருவரும் தேவை என்றால் தூங்குகிறவரை எழுப்ப வேண்டும். ஆகவே காற்று ஏறுவதற்கு முன்பே சுருக்குவது என்பது துணைவரின் தூக்கத்தைக் காப்பாற்றுகிற வேலையும்கூட.

தெரிந்தவர்கள் என்பதற்காக இருவரைச் சேர்த்து அனுப்பிவிட முடியாது. தில்னாவும் ரூபாவும் மூன்று ஆண்டில் 38,000 கடல் மைல் ஓடியிருந்தார்கள். ஆறு பேர் குழுவாகக் கேப் டவுன் வழியாக பிரேசிலின் ரியோ வரை போய் வந்தார்கள். பிறகு இருவர் மட்டும் போர்ட் பிளேர், இருவர் மட்டும் மொரிஷியஸ். ஒத்திகையே உலகச் சுற்றைவிட நீளம். இந்தத் திட்டத்தில் ஆகப் பெரிய செலவு அதுதான் என்பேன். பணத்தில் அல்ல, ஆண்டுகளில்.

அவர்களுக்கு வழிகாட்டியாக இருந்தவர் அபிலாஷ் டோமி. 2013இல் எங்கும் நிற்காமல் தனியாக உலகைச் சுற்றிய முதல் இந்தியர். 2018இல் தனியாக உலகைச் சுற்றும் கோல்டன் குளோப் போட்டிக்குப் போனார். செப்டம்பர் 21 அன்று தெற்கு இந்தியப் பெருங்கடலில் புயல் படகைப் புரட்டியது. பாய்மரம் முறிந்தது, முதுகெலும்பும் முறிந்தது. பெர்த்திலிருந்து 1,900 கடல் மைல். அவசரக் கருவியின் சமிக்ஞை செயற்கைக்கோளுக்குப் போய், இருப்பிடம் உடனே தெரிந்துவிட்டது. இந்தியக் கடற்படை விமானம் பறந்து போய்ப் படகைக் கண்டுபிடித்தது. ஆனால் ஒரு மனிதக் கை அவரைத் தொட மூன்று நாள் ஆனது. பிரெஞ்சு மீன்வளக் கண்காணிப்புக் கப்பல் ஓசிரிஸ் 24ஆம் தேதி வந்து தூக்கியது. அந்த மூன்று நாளைத் தனியாகச் சமாளிக்கும் அளவுக்கு மருந்தும் தண்ணீரும் செய்தி அனுப்பும் கருவியும் படுத்திருக்கும் இடத்திலிருந்து கைக்கெட்ட வேண்டும் என்பது திட்டக் குறிப்பில் ஒரு வரி. அந்த வரிக்குக் கொடுத்த விலை பெரிது. 2022இல் அவர் அதே போட்டிக்குத் திரும்பப் போய், 2023 ஏப்ரல் 29இல் இரண்டாவதாக வந்தார்.

தாரிணி 2025 ஜனவரி 30 அன்று கடந்த நீமோ புள்ளி இந்தக் கணக்கின் உச்சம். எந்தப் பக்கம் போனாலும் அடுத்த நிலம் குறைந்தது 2,688 கிலோமீட்டர். மேலே 400 கிலோமீட்டர் உயரத்தில் விண்வெளி நிலையம் கடக்கும் நேரத்தில், ஆக அருகில் உள்ள அயலார் அதில் இருப்பவர்கள்தான். ஹெலிகாப்டர் வராது. இருவரும் அங்கே ஆய்வுக்காகக் கடல்நீர் மாதிரி எடுத்துக்கொண்டு மேலே நகர்ந்தார்கள்.

திரும்பி வருவதற்கும் கெடு

ஃபாக்லாந்தின் போர்ட் ஸ்டான்லி, கேப் டவுன் என்று இரண்டு நிறுத்தம் முடிந்து, ஏப்ரல் 15இல் கடைசிக் கட்டம் தொடங்கியது. இந்தத் தேதியும் இரண்டு பக்கம் நெருக்கப்பட்ட தேதி. தென்மேற்கு இந்தியப் பெருங்கடலில் புயல் பருவம் ஏப்ரலோடு அடங்கும். அதற்கு முன் வடக்கே ஏறக் கூடாது. அரபிக்கடலிலோ மே மாதமே புயல் கிளம்பலாம். ஜூன் பிறந்தால் தென்மேற்குப் பருவக்காற்று. பருவமழை வழக்கமாகக் கேரளத்தைத் தொடும் நாள் ஜூன் 1. அதற்குள் கோவாவுக்குள் நுழைந்துவிட வேண்டும்.

தாரிணி சொன்னபடி வந்தது: மே 29, மோர்முகாவ் துறைமுகம். சொன்னபடி வராதது பருவமழைதான். 2025இல் அது எட்டு நாள் முந்திக்கொண்டு மே 24இலேயே கேரளத்தில் இறங்கியது. 2009க்குப் பிறகு இவ்வளவு சீக்கிரம் வந்ததில்லை. தாரிணி வருவதற்குள் கோவாவையும் தாண்டி மும்பை போய்விட்டிருந்தது. மோரியின் வாரிசுகள் வரையும் தாளில் இருப்பது பல பத்தாண்டுகளின் சராசரி. எந்த ஒரு ஆண்டும் அதற்குக் கட்டுப்பட வேண்டும் என்று இல்லை. பாய்மரக்காரர்கள் இதற்காகத்தான் ஓரிரு வாரத்தைக் கையிருப்பாக வைத்திருக்கிறார்கள். அந்த ஆண்டு, வானம் அதையும் கேட்டு வாங்கிக்கொண்டது.

அதே 2025 செப்டம்பர் 11 அன்று மும்பையிலிருந்து இன்னொரு படகு கிளம்பியது. பெயர் திரிவேணி, நீளம் 50 அடி, கட்டிய இடம் புதுச்சேரி. முப்படையையும் சேர்ந்த பத்துப் பெண் அதிகாரிகள். ஒன்பது மாதம், 26,000 கடல் மைல் என்று திட்டம். கொடியசைத்த அன்று வெளியிட்ட பயண அட்டவணையில் தெற்குக் கடலுக்கும் ஹார்ன் முனைக்கும் ஒதுக்கியிருந்தது டிசம்பர் முதல் பிப்ரவரி வரை. அதற்கு முன்னே உள்ள தேதிகளையெல்லாம் அங்கிருந்துதான் எண்ணியிருக்கிறார்கள்.